ஐந்து இருபது ரயிலின் நான்கு பயணிகள்

“அம்மா, அந்த நாலு பேரும் இனிமே எதுல போவாங்க?”

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் காலையில் ஹனியா கேட்ட கேள்வி இது. அவளுக்கு அப்போது ஆறு வயது. பெருந்தொற்றில் நாடே வீட்டுக்குள் அடைபட்டிருக்க, ரயில் செலவுகளைச் சரிபார்க்கும் நம் பிரிவு கணினித் திரையில் சிறு சிறு கட்டங்களாகக் கூடியிருந்தது. நஸ்ரீனின் மடியில் ஏறி உட்கார்ந்த மகள், திரையில் சிவப்புக் கோடு விழுந்த ‘ஐந்து இருபது ரயில், நான்கு பயணிகள்’ என்ற வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு இப்படிக் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். “இவளை வேலைக்குச் சேத்துக்கலாம், நம்மளவிட நல்லா கேக்குறா” என்று கிரகாம் சொல்ல, இன்னும் உரக்கச் சிரித்தோம். சிரிக்காதவர் ஒருவர்தான். அந்தக் கோட்டைப் போட்டவர்.

பெருமதிப்பிற்குரிய ரோசலிண்ட் அக்ராய்ட் அம்மையீர்! முப்பத்தெட்டு ஆண்டுகள் மக்கள் பணத்துக்குக் காவலிருந்தவரே! கணக்கில் கடுமையும் கண்ணில் ஈரமும் ஒருசேரக் கொண்டவரே! ஞாயிறுதோறும் தேவாலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, திங்கள்தோறும் எங்களுக்கு முன்னால் மேசைக்கு வந்தவரே! இன்று விடைபெறும் உங்களைப் போற்றவே கூடியிருக்கிறோம். பொய்யாகப் போற்றினால் நீங்கள் அதையும் சரிபார்த்து வெட்டிவிடுவீர்கள் என்பதால், உண்மையை மட்டும் எழுதியிருக்கிறோம். அதில் கசப்பு மிகுதி. பொறுத்தருள்க.

பயணிகள் ஒரே வாரத்தில் மறைந்துபோனபோது, தனியார் ரயில் நிறுவனங்களின் வரவையும் இழப்பையும் அரசே ஏற்றது. ஓடும் செலவு முழுவதும் பொதுக் கருவூலத்திலிருந்து. அதற்கு மேல், ஓட்டிக்கொடுப்பதற்கு ஒரு கட்டணம். தேவையான செலவுக்கு மட்டுமே பணம் என்பது விதி. எது தேவை என்று சொல்லும் பொறுப்பு, கெல்டர்மூர் ரயில் நிறுவனத்தைப் பொறுத்தவரை, உங்களுடையது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவர்களுடைய பட்டியல் வரும். பூட்டிக் கிடந்த தலைமை அலுவலகத்தில் பூந்தொட்டிகளுக்கு அவர்கள் வாடகை கேட்டது நினைவிருக்கிறதா?

“செடியெல்லாம் வாடிப்போயிடுமே மேடம்” என்றார் அவர்களுடைய நிதி மேலாளர்.

“சாவியக் கொடுங்க. நானே வந்து தண்ணி ஊத்துறேன். காசு கிடையாது” என்றீர்கள்.

ஹனியா கேட்ட நாளை விட்டால், அந்த நாட்களில் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அதே நாட்களில்தான் ஆள் குறைந்த ரயில்களை நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. ஆக்ஸ்கில்லிலிருந்து தார்ன்பெக்குக்குக் காலை ஐந்து இருபதுக்குக் கிளம்பும் கெல்டர்மூர் ரயிலில் சராசரி நான்கு பேர். அட்டவணைப்படி அது வீண்செலவு. நீங்கள் கோடு போட்டீர்கள். எங்களில் யாராக இருந்தாலும் போட்டிருப்போம்.

ஆனால் குழந்தையின் கேள்விக்குப் பிறகு நீங்கள் மட்டும் தொலைபேசியை எடுத்தீர்கள். ஆக்ஸ்கில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் வில்ஃப் ஹெப்டன் பேசினார். அவர் சொன்னதை அப்படியே உங்கள் குறிப்பில் எழுதி வைத்தீர்கள்: “சராசரியெல்லாம் இல்ல கண்ணு, தினமும் அதே நாலு பேர்தான். ரெண்டு பேர் தார்ன்பெக் ஆஸ்பத்திரில தரை துடைக்கிறவங்க, ஒருத்தி சமையக்கட்டு, ஒருத்தன் நோயாளியத் தள்ளிட்டுப் போறவன். ஆறு மணிக்கு உள்ள இருக்கணும். அடுத்த ரயில் ஏழே காலுக்கு. நீங்களே சொல்லுங்க, எதுல போவாங்க?”

அன்றே அந்த ரயிலைத் திருப்பிக் கேட்டு மேலிடத்துக்கு எழுதினீர்கள். பதில் இல்லை. மறுபடி எழுதினீர்கள். மூன்றாவது முறை நம் இயக்குநரே எங்கள் எல்லோர் எதிரிலும் திரையில் வந்தார்: “ரோஸ், மிச்சம் இவ்வளவுன்னு மேல சொல்லியாச்சு. இப்போ நாலு பேருக்காக அந்த நம்பரை மாத்தச் சொல்றீங்களா?”

“ஆமா” என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின் நிலவிய அமைதியில் எங்கள் பதினோரு பேரின் அமைதியும் இருந்தது. ஒருவர் வாய் திறந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று தெரியாது. திறக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ரயில் பன்னிரண்டு வாரம் நின்றது. வில்ஃப் தம் பழைய காரின் சன்னல்களை இறக்கிவிட்டு, பின் இருக்கையில் இருவர் இருவராக, ஒன்பது மைல் தூரத்துக்கு நாள்தோறும் இரண்டு நடை போனார். யாரும் கேட்டுச் செய்யவில்லை. “ஏப்பா இந்த வேலை உனக்கு?” என்று அவருடைய தம்பி கேட்டதற்கு, “அவங்க கையில சீசன் டிக்கெட் இருக்குடா, வித்தவன் நான்தானே” என்றாராம். ஒன்பதாம் வாரம் அவருக்கே தொற்று வந்தது. பிழைத்தார், ஆனால் நிலையத்தின் நடைபாலத்தில் இன்றும் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். எஞ்சிய மூன்று வாரத்தில் நால்வரில் இருவர் சைக்கிள் மிதித்தார்கள், ஒருவர் மருத்துவமனையின் துணி அறையில் படுத்துக்கொண்டார், சமையல்காரப் பெண் வேலையை விட்டார்.

இலையுதிர் காலத்தில் கெல்டர்மூருக்கு மதிப்பெண் போடும் நேரம் வந்தது. அவர்களுக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அந்த மதிப்பெண்தான் முடிவு செய்யும். சிக்கனத்துக்கு மூன்றுக்கு ஒன்று போட்டீர்கள். காரணமாக அந்த ரயிலையும் வில்ஃபின் காரையும் எழுதினீர்கள். தாள் மேலே போய்த் திரும்பியபோது ஒன்று மூன்றாகியிருந்தது. சிக்கனத்துக்குச் சான்றாக அவர்கள் காட்டியிருந்த, நிறுத்தப்பட்ட ரயில்களின் பட்டியலில் நம் ஐந்து இருபதும் இருந்தது. முழுக் கட்டணமும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவர் நல்லவர், இன்று இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்தவரும் அவரே. இயக்குநருக்கு வேறு கூட்டம் இருக்கிறதாம். வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஒன்று சொல்லாமல் விட்டால் இந்த மடல் அரைக் கணக்காகிவிடும். வில்ஃபின் பெட்ரோல் செலவு, இருநூற்று முப்பத்தொரு பவுண்டு நாற்பது பென்ஸ், நிறுவனத்தின் பட்டியலோடு உங்கள் மேசைக்கு வந்தது. முன் அனுமதி இல்லாத செலவு. நீங்கள் அதை நிராகரித்தீர்கள்.

“உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா ரோஸ்?” என்று நஸ்ரீன் கேட்டார்.

“இதே தலைப்புல மேலாளர்களோட காருக்குப் பதினெட்டாயிரம் கேட்டிருக்காங்க. ஒண்ணுக்குக் கதவைத் திறந்தா ரெண்டும் உள்ள வரும்மா.”

பதினெட்டாயிரமும் திரும்பிப் போனது. நஸ்ரீன் இரண்டு வாரம் உங்களோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் வழக்கம்போல ஹனியாவுக்குத் தபாலில் கதைப் புத்தகம் வந்தது. எங்களுக்கு நீங்கள் கல்லாகத் தெரிந்தீர்கள். மதிப்பெண் மாறியபோது வாயடைத்து இருந்த நாங்கள், உங்களைக் கல் என்றோம்! ஆண்டவர் எங்களை மன்னிப்பாராக. நீங்கள் என்றோ மன்னித்துவிட்டீர்கள் என்பது, எங்கள் ஒவ்வொருவர் பிறந்தநாளுக்கும் நீங்கள் கையால் செய்து வந்த எலுமிச்சை கேக்கில் தெரிந்தது.

அம்மையீர், உலகம் பெரிய நீதிகளைத் தாமதமாகத்தான் தருகிறது. சிலருக்குத் தருவதே இல்லை. உங்களுக்குத் தரவில்லை. ஆனாலும் ஐந்து இருபது ரயில் இன்று ஓடுகிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்து, கண் பார்வை தெளிந்து, தோட்டத்துப் பட்டாணி ஆண்டுதோறும் காய்க்க, இனி யாருடைய கூட்டலையும் சரிபார்க்கத் தேவையில்லாத நெடுங்காலம் உங்களுக்கு வாய்க்கட்டும்!

முடிக்கும்முன், நஸ்ரீன் நான்கு ஆண்டு தமக்குள் வைத்திருந்து இந்த வாரம் எங்களிடம் சொன்ன ஒரு செய்தி. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் வில்ஃப் அவரைத் தொலைபேசியில் அழைத்தாராம். நுரையீரலைச் சோதிக்க மருத்துவமனைக்குப் போய்விட்டுத் திரும்பினால், கதவுக்கடியில் ஓர் உறை. பெயர் இல்லை, தபால்தலை இல்லை. உள்ளே இருநூற்று முப்பத்தைந்து பவுண்டு நாற்பது பென்ஸ்.

“உங்க ஆபீஸ்ல யாருக்கோ கூட்டத் தெரியல கண்ணு. நாலு பவுண்டு கூடுதலா இருக்கு. யாருக்குத் திருப்பி அனுப்பறது?”

நஸ்ரீன் கோப்பிலிருந்து வில்ஃபின் பழைய பெட்ரோல் செலவுச் சீட்டை எடுத்துக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். “கூடுதல் இல்ல வில்ஃப். நீங்கதான் கூட்டும்போது அஞ்சாவது வாரத்துல நாலு பவுண்டை விட்டுட்டீங்க.”

அந்த நான்கு பவுண்டின் அருகில் பென்சிலால் வைத்த ஒரு சிறு புள்ளி இருந்தது. இதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டோம். பொய் சொல்லிப் பழகாதவரை அந்தச் சங்கடத்தில் நிறுத்தக் கூடாது. நிராகரித்த சீட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டிய கடமை இந்தப் பிரிவில் எவருக்கும் இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம். யாரோ கூட்டியிருந்தார்கள்.

என்றும் நன்றியுடன்,
ரயில் செலவுச் சரிபார்ப்புப் பிரிவின் பதினோரு பேரும், ஹனியாவும்.