ஸ்போர்ட்ஸ் காரில் எலுமிச்சை மூட்டை

"நான் பின்சீட்டைக் கழட்டுனது நீங்க மூட்டை ஏத்தவா அத்தான்?"

சங்கரன்கோவில் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் கத்தினான். மடியில் காருக்கான இரண்டு புது ஸ்பிரிங்குகள். பக்கத்தில் அவனுடைய அக்கா புருஷன்.

"வெயிட்டைக் குறைக்கணும்னு கால்மிதியக்கூட எடுத்துப்போட்டேன். நீங்க ஆறு மூட்டை எலுமிச்சை ஏத்தியிருக்கீங்க! ஸ்பிரிங் அமுங்கி, டயர் பாடில உரசுது."

"இடம் சும்மாதான கெடந்துச்சு மாப்ள? புளியங்குடி மார்க்கெட்டுக்கு என்னா வேகமாப் போச்சு தெரியுமா!"

"நாளைக்குப் போட்டி அத்தான்! தரையில வச்ச கூம்புகளுக்கு நடுவுல காரை வளைச்சு வளைச்சு ஓட்டணும். இந்தப் புது ஸ்பிரிங்கை இன்னைக்கே மாட்டுனாத்தான் நான் போக முடியும்."

அத்தான் முகம் மாறியது.

"நாளைக்கா? நாளைக்கும் இதே வண்டியில சரக்கு கொண்டாரேன்னுலா மார்க்கெட்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."