பிடங்குத் தகடு

துரு எடுக்கக் கடையில் விற்கும் மருந்தெல்லாம் தேவையில்லை. சிப்ஸுக்கு ஊற்றிச் சாப்பிடுகிற வினிகரே போதும். ஒரு நாள் ஊறவிட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். நான் லண்டனில், சட்டன் பக்கம், உலோகம் மினுக்குகிற பட்டறை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவன். எங்கள் பங்குக் கோவிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை மினுக்கிக் கொடுப்பதும் நான்தான். எமில்டா அந்த இரும்புகளை என்னிடம் கொண்டுவந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

நீங்கள் எமில்டாவின் வழக்கறிஞர். அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்கவேண்டும். மன்னார்க்காரி, கணவன் இல்லை, ஒரே மகள் அஜித்தா. இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசி மாதங்களில், எமில்டா கஞ்சிக்கு வரிசையில் நின்ற நேரம் பார்த்து இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைக்குப் பதினேழு வயது. கொண்டுபோனவர்களை எமில்டா காணவில்லை. மகள் சரணடைந்திருப்பாள், எங்கேயோ தடுப்பில் உயிரோடு இருக்கிறாள் என்பது அவளுடைய நம்பிக்கை. லண்டனில் காணாமல் ஆக்கப்பட்டோருக்காக நடக்கிற ஒவ்வொரு கூட்டத்திலும் மகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டு வருடமாக அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். மழை வந்தால் அந்தப் படத்துக்குக் குடை பிடிப்பதும் நான்தான்.

போன வருடம் அவளுடைய தம்பி கிருசாந்தன், சண்டை முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் வாங்கிய காணியில் கிணறு வெட்டினான். எலும்புகளும் உக்கிப்போன துவக்கு ஒன்றும் கிடைத்தன. எலும்புகளைப் பொலிசுக்கு அறிவித்தான். துவக்கின் பிடங்கில், தோளில் முட்டுக்கொடுக்கிற அந்த மரக்கட்டையில், இருந்த இரும்புகளை மட்டும் ஒளித்துவிட்டான். பிடங்கின் அடித் தகட்டில் ஏதோ கீறியிருப்பதுபோல் தெரிந்ததாம். பொலிசில் கொடுத்தால் அது காணாமல் போய்விடும், நம்முடைய ஆட்களிடம் இருந்தால்தான் பத்திரம் என்று நினைத்தான். அவன் இடத்தில் நம்மவர் எவராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார். காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் பொதிக்குள் வைத்து லண்டன் வருகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டான். எமில்டா அதைத் துவாயில் சுற்றிக்கொண்டுவந்து, ஸ்ட்ரெதத்தில் என்னுடைய குசினி மேசையில் வைத்தாள்.

“அண்ணை, வேறை ஒருத்தரையும் நம்பேலாது. என்ரை பிள்ளையின்ரை பேர் இருக்குதோ எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்.”

வெள்ளிக்கிழமை ஊறப்போட்டு, சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளையும் எண்ணெய் விட்டு இளக்கிக் கழற்றினேன். உள்ளே மண்ணும் உக்கிய மரத்தூளும் இருந்தன. மத்தியானம் அளவில் எழுத்துத் தெரிந்தது. ஆணியால் கீறியிருந்தாள். மேலே அஜித்தா என்ற பெயர். அதற்குக் கீழே நாட்களைக் குறித்த கோடுகள், எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூன்று. கோடுகளுக்குக் கீழே, ‘சவிரியண்ணை வருவார்.’

சவிரிமுத்து என்னுடைய பெயர். எனக்கு இயக்கப் பெயர் கிடையாது. நான் சம்பளத்துக்கு நின்றவன். ஆள் சேர்க்கிற வாகனத்தோடு போவது என் வேலை. விரும்பிப் போகவில்லை. அந்த வேலையில் நிற்கிறவனின் பிள்ளையைப் பிடிக்கமாட்டார்கள், என்னுடைய மகளுக்கும் அப்போது பதினேழு வயது. நீங்கள் ஒரு தகப்பனின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்க்கவேண்டும்.

அஜித்தாவை நான் அடிக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. மற்றவர்கள் அதெல்லாம் செய்தார்கள். “அம்மா கஞ்சி வாங்கப் போட்டா, சொல்லிப்போட்டு வாறன்” என்று அழுதாள்.

“பதினாலு நாள் பயிற்சிதான், பிள்ளை. முடிய இந்தச் சவிரியண்ணை நானே வந்து கொம்மாட்டைக் கூட்டிக்கொண்டு போறன்” என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போட்டாள். பிறகு தானாகவே வாகனத்தில் ஏறினாள்.

ஒன்பதாம் நாள் நான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடலேரியைக் கடந்து ஆமிக்காரர் பக்கம் போய்விட்டேன். மகள் இப்போது வால்தம்ஸ்டோவில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அஜித்தாவின் கோடுகளைப் பார்த்தபோதுதான் நான் போன பிறகும் அவள் இரண்டு கிழமை, பதினாலு நாள், எண்ணியிருக்கிறாள் என்று தெரிந்தது. திட்டி எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அரத்தாள் எடுத்து முதலில் என் பெயரைத் தேய்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓரிடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதனால் மற்றதையும் எடுக்கவேண்டி வந்தது. பெயர் சுலபமாகப் போய்விட்டது. கோடுகள்தான் ஆழம், கடைசிக் கோடுகள் இன்னும் ஆழம். அழுதுகொண்டேதான் தேய்த்தேன். பிறகு உலோகம் மினுக்குகிற பசை போட்டு மினுக்கினேன்.

எமில்டா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எழுத்து ஒண்டும் இல்லையோ அண்ணை?”

“இல்லை, தங்கச்சி. துரு தின்ற குழிதான்.”

“அப்ப அது என்ரை பிள்ளை இல்லை. அவள் இருக்கிறாள், என்ன அண்ணை?”

“ஓம்” என்றேன். அன்று அவள் எனக்குப் புட்டும் மீன்குழம்பும் சமைத்துத் தந்தாள். அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோசத்தைக் கொடுத்தவன் நான் என்பதையும் நீங்கள் எழுதவேண்டும்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க எமில்டாவின் இரத்தம் வேண்டும், இந்த மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் எலும்புகளை ஓர் இலக்கம் போட்டு அடக்கம் செய்துவிடுவார்கள் என்று இருந்தது. “இரத்தம் குடுத்தால் பிள்ளை செத்ததெண்டு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி” என்று எமில்டா சொன்னாள். கொடுக்கவேண்டாம் என்று நானும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன்.

அந்த எலும்புகள் அஜித்தாவினுடையவை. அவளைக் கொண்டுபோனது நான். திரும்பி வருவேன் என்று பொய் சொன்னது நான். அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சியை என்னுடைய குசினியில் வைத்து அழித்ததும் நான். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பிள்ளை இலக்கத்தோடு மண்ணுக்குள் போகக்கூடாது.

தகட்டில் அஜித்தா என்று இருந்தது, சவிரியண்ணை பயத்தில் மறைத்துவிட்டார் என்று எமில்டாவிடம் சொல்லுங்கள், அவள் இரத்தம் கொடுப்பாள். அதற்குக் கீழே இருந்ததை மட்டும் சொல்லவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போக என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.