பூவாயிக்கு ஒரு கேசட்

— சிவப்பு பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேத்து அமுக்கணும் வேலு. ம்... இப்பப் பேசு.

— பூவாயி அண்ணி, நான் வேலுச்சாமி பேசறேன். எல்லாரும் சொகமா? இங்க நாங்க ரெண்டு பேரும்... நிறுத்துங்க காதர் பாய்.

— யா அல்லா, மறுபடியுமா?

— அண்ணி வீட்ல டேப் இல்ல பாய். ரேடியோ கடையிலதான் குடுத்துப் போடச் சொல்லும். தெருவே கூடி நிக்கும். போன கேசட்டுல அண்ணன் என்னமோ கிண்டலாப் பேசிருச்சுன்னு வெக்கப்பட்டு ஓடிருச்சாம். அந்தக் கடையில வச்சா புருஷன் செத்த சேதியக் கேக்கணும்?

— அப்ப நேர்ல போ.

— லாஞ்சு முழுகுனப்பவே பாஸ்போர்ட்டும் போயிருச்சே. புதுசு வரட்டும், அப்புறம் லீவுன்னுட்டாரு நம்ம மொதலாளி கஃபீல்.

— பழனிச்சாமி மையத்து கெடச்சு, அடக்கமாவது பண்ணியிருந்தா...

— அண்ணன் சைட்டுல கம்பி கட்டற ஆளு பாய். லாஞ்சு டூட்டி எனக்கு. லீவு நாள்தானே, தோஹாவப் பாத்துட்டு வர்றேன்னு ஏறுச்சு.

— ஷமால் காத்துல பெரிய கப்பலே ஆடும். உங்களுது ஓட்ட மர லாஞ்சு. அதுல சிமெண்ட வேற ஏத்திட்டான்.

— பலகை விட்டுத் தண்ணி பூந்து, மூட்டையெல்லாம் நனைஞ்சு கனத்துருச்சு. தள்ளிவிடப் பாத்தோம், அசையல. ஒரு பக்கமாச் சாஞ்சு அப்படியே போயிருச்சு. நானும் அண்ணனும் ஒரே ட்ரம்மப் புடிச்சு மெதந்தோம். அது பேசிக்கிட்டே வந்துச்சு. லாஞ்ச ஓட்டுன நாகுதாவத் திட்டுச்சு, என்னையத் திட்டுச்சு. அண்ணி வைக்கிற கருவாட்டுக் கொழம்பு ஒண்ணுதான் உருப்படின்னுச்சு. பேச்சு நின்னப்ப, காத்துல கேக்கலன்னு நெனச்சேன் பாய்.

— அழுதுருடா.

— வரல. நான் இருக்கேன்னு ஆரம்பிக்கறதா, அது இல்லன்னு ஆரம்பிக்கறதா? அது மட்டும் சொல்லுங்க.

— இரு, யாரோ தட்டறாங்க. உள்ள வாங்க, தெறந்துதான் இருக்கு.

— வணக்கங்க. சத்வா ஏரியா தையக்கடை காதர் மைதீன் ரூம் இதுதானே? நான் கல்யாணசுந்தரம். லீவு முடிஞ்சு நேத்துதான் வந்தேன். பழனிச்சாமிக்குப் பக்கத்து ஊரு. இவருதானுங்களா?

— இல்ல, இவன் அவரோட...

— பாய், சும்மா இருங்க. நீங்க சொல்லுங்க சார்.

— லாஞ்சு முழுகி, அண்ணன் தம்பில ஒருத்தர்தான் தப்பிச்சாருன்னு அங்க சேதி வந்துருச்சுங்க. கடல் வேலை தம்பிக்குத்தானே, போனது அவருதான்னு எல்லாரும் தலைமுழுகிட்டாங்க. கூடப்பொறந்தவனை நெனச்சு உடம்பக் கெடுத்துக்க வேணாம், நீங்களாச்சும் பொழச்சதுக்கு அய்யனாருக்குப் பொங்கல் வச்சாச்சுன்னு பூவாயி சொல்லச் சொன்னாங்க. இந்தாங்க, திருநீறு. உங்க நெத்தியில நானே பூசி விடணுமாம். கொஞ்சம் குனியுங்க பழனிச்சாமி.