செல்வத்தின் வாக்கிடாக்கி

மண்டபத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு மீனவர்கள். இளையவர் மடியில் ஒரு வாக்கிடாக்கி.

“நம்ம செட்டுல ஒரு கோளாறும் இல்லையாம் மச்சான். கடைக்காரன் பார்த்துட்டான்.”

“அப்புறம் எப்படி மாப்ள? போட்டுல தண்ணி ஏறி முழுகுற வரைக்கும் செல்வம் கூப்பிடாமலா இருந்திருப்பான்?”

“கூப்பிட்டிருப்பான். பக்கத்து ஊர்க்காரன் பேச்சு நம்ம செட்டுல விழக் கூடாதுன்னு, போன மாசம் எல்லாரும் லேப்டாப்புல மாட்டி ஒரு கோட் நம்பர் ஏத்துனோமுல்ல? அந்த நம்பர் இல்லாத செட்டுலேருந்து யாரு கூப்பிட்டாலும் நமக்குக் கேக்காதாம்.”

“செல்வம் செட்டுல ஏத்தலியா?”

“அன்னைக்கு அவன் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். வந்தப்புறம் ஏத்திக்கலாம்னு விட்டுட்டோம்.”

வரிச்சிக்குடியில் பஸ் நின்று கிளம்பியது.

“அப்ப நாம பேசுனதும் அவனுக்குக் கேட்டிருக்காது.”

“இல்ல மச்சான். நம்பர் ஏத்தாத செட்டுல எல்லாமே கேக்கும். கடைசி வரைக்கும் கேட்டிருக்கும்.”

மூத்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“செல்வம் சத்தத்தையே காணோம், வலையை விட்டுட்டு நல்லாத் தூங்குறான்போலன்னு மைக்குல சொல்லிச் சிரிச்சேனே மாப்ள.”