அவனுக்கும் நாற்பது

நான் காலை ஏழரைக்கே வந்துவிடுவேன். ஜன்னல் திறப்பது எட்டுக்குத்தான். அளவுக் குவளைகளைக் கழுவித் துணியில் கவிழ்த்து வைக்க அரை மணி நேரமாவது வேண்டும். ஐந்து வருடத்தில் ஒருநாளும் தாமதமில்லை. பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

போதை மீட்பு மையத்தில், ஊசிப் போதையின் ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்தை ஊற்றிக் கொடுப்பது என் வேலை. நானும் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவன்தான். தினம் நாற்பது மில்லியில் எழுந்து நின்று, பிறகு அதையும் விட்டேன். புதியவர்களிடம் டாக்டர் என்னைக் காட்டி, "இவர் மாதிரி மன உறுதி வேணும்" என்பார்.

பிறகு என் தம்பி வந்தான். அவனுக்கும் நாற்பது. மருந்தை வாயில் ஒதுக்கிக்கொண்டு போய்விடாமலிருக்க, குடித்ததும் ஜன்னலில் நின்று ஒரு வாக்கியம் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் வெயிலைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். அவன் தினமும் ஒன்றையே சொன்னான்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கலண்ணா. எலும்பெல்லாம் முறுக்குது."

"எனக்குத் தாங்குச்சே."

"உனக்கென்ன, நீ கருங்கல்லு. நான் வெறும் சதைண்ணா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் உடம்பில் மருந்து நிற்கவில்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் இருவர் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். தபால் பிரிப்பது நான்தான். தம்பியின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடுகிறது, வழக்கமான அளவு அவனுக்கு அரை நாள்கூட நிற்காது என்று இருந்தது. என் தாளில் நேர்மாறு: மெதுவாகக் கரைக்கும் உடம்பு, குறைந்த அளவே போதும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அப்படியானால் நான் பட்ட பாடெல்லாம் பிறவியில் கிடைத்த வசதியாம்.

இரண்டு தாளையும் மடித்து இழுப்பறையில் வைத்தேன். "இன்னும் வரல சார்" என்றேன்.

அறிக்கைக்குக் காத்திராமல் டாக்டர் அவன் அளவை எண்பதாக்கினார். பதிவேட்டில் எண்பது என்றே எழுதினேன். குவளையில் நாற்பது மருந்து, நாற்பது சர்க்கரைப் பாகு. மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். ஒரு சொட்டுகூட விற்கவில்லை. எண்பதிலும் நடுங்குகிறவன் வெளியே ஏதோ எடுக்கிறான் என்று டாக்டரே முடிவு கட்டினார். அதற்கு மேல் ஏற்றவில்லை, அறிக்கையையும் பிறகு கேட்கவில்லை.

பதினோரு வாரம். கடைசி நாள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். ஜன்னல் வழியாக என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேண்ணா. நீ சொன்னா நம்புவாரு."

"சொல்றேன்டா."

சொல்லவில்லை. அன்று மாலை பேருந்து நிலையக் கழிவறையில் கையில் ஊசியோடு கிடந்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? அதற்கு முன் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நேற்று அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் நான் எதையும் தொடவில்லை. அதற்குப் பெயர் மன உறுதி.