இரண்டு பக்கமும் சிங்கம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பாதி வழியில் அவர் மெல்லச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் சிங்கம் இருக்குதே, அந்தக் காசை நாந்தான் செஞ்சேன்."

"அரியலூர் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து நேர்ல வரச் சொல்லி போன் வந்தப்ப எதுவும் தெரியாதுன்னீங்க?"

"பயந்துட்டேன். பழைய காசு விக்கிற அந்த யாவாரி நம்ம லேத்துப் பட்டறைக்கு வந்து, ரெண்டு காசைப் பாதியாத் தேச்சு ஒட்டித் தரச் சொன்னான். மேஜிக் காட்டறதுக்குன்னான். கடைசில, அரசாங்கமே தப்பா அடிச்ச அபூர்வக் காசுன்னு வித்துருக்கான்."

"தெரியாமத்தானே செஞ்சீங்க? அதையே சொல்லுங்க."

"மொத காசு தெரியாமத்தான் செஞ்சேன்."

"அப்புறம்?"

"இன்னும் பதினோரு காசு செஞ்சேன். தெரிஞ்சேதான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை விலக்கி, "அதையும் சொல்லிடுங்க" என்றாள்.

அரியலூரில் எல்லோரும் இறங்க எழுந்தார்கள். அவர் மட்டும் முன்கம்பியை விடவில்லை.

"அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றாள் அவள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தாள். "நான் பக்கத்துலயே நிக்கிறேன், வாங்க."