மாடிப்படி ஏறவில்லை

என் வீட்டு மாடியறையில் காற்று நன்றாக வரும். என்னிடம் ஆய்வு செய்யும் மட்டுவார்குழலியை அங்கே தங்க வைத்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. விடுதியில் நாலு பெண்களுக்கு ஒரு ஃபேன். அங்கே உட்கார்ந்து யாரால் எழுத முடியும்? ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் மேஜை உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு. கைபேசியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அவளாகத்தான் கொடுத்தாள். பீமராவ் சார், விசாரணைக் குழுவின் தலைவர் நீங்கள். அவள் புகாரில் 'பறித்தார்' என்று இருப்பதை முதலில் திருத்துங்கள். நான் அவளுடைய கைடு, வழிப்பறிக்காரி இல்லை.

அவள் எழுதியது அவளுடைய ஆய்வேட்டை அல்ல, உண்மைதான். அது எட்டு மாதமாக என் அலமாரியில் இருக்கிறது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எழுதியது வாழை நோய் பற்றிய என் திட்ட அறிக்கை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். இவளுக்கு முன்னால் இருந்த ஜென்சிக்குக் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டேன். மறுவாரமே பெங்களூர் போய்விட்டாள். இன்றுவரை ஒரு போன் இல்லை.

செவ்வாய்க்கிழமை குழலியின் கைபேசிக்கு அவள் அம்மா வீரம்மாள் கூப்பிட்டார். வையம்பட்டிக்காரர், போனிலும் கத்தித்தான் பேசுவார்.

"மேடம், இவ அப்பாவுக்கு நெஞ்சுவலி. புத்தூர்ல ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். பிள்ளையை ஒரு எட்டு அனுப்பி வைங்க."

"டாக்டர் பாத்துக்குவாருங்க. இவ வந்து ஊசியா போடப்போறா?"

மத்தியானம் சாப்பிட இறங்கி வந்த குழலி கேட்டாள்: "அம்மா கூப்பிட்டாங்களா மேடம்?"

"இல்லையேம்மா. ரசம் ஊத்திக்க."

புதன்கிழமை மறுபடி அழைப்பு. இந்த முறை அந்தம்மாள் கத்தவில்லை.

"குழலி வந்துட்டாளா, வந்துட்டாளான்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடக்காரு. அவகிட்ட போனைக் குடுங்க மேடம்."

"இருங்க, கேட்டுட்டு வரேன்."

படிக்கட்டு வரை போனேன். ஏறவில்லை. கைபேசியை முந்தானையில் பொத்திக்கொண்டு கீழ்ப்படியில் நின்றேன். மேலே அவள் தட்டச்சு செய்வது கேட்டது, நல்ல வேகம். ஒருவர் ஏறி இறங்கும் நேரம் விட்டுப் பேசினேன்.

"வேலை இருக்காம். வரலைங்கிறா."

"அவளா சொன்னா?"

"அவதாங்க. பேசவும் மாட்டேன்னுட்டா."

வியாழக்கிழமை காலை கைபேசி பதினோரு முறை அடித்தது. எதற்கென்று தெரியாமல் இல்லை. ஆனால் முடிவுரை பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை அறிக்கை போனதும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். என் எதிரிலேயே அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"வரமாட்டேன்னு சொல்லி அனுப்பினியே, அதை அப்படியே அவரு காதுல சொன்னேன்டி. கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு. இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

குழலி என்னைப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை. "நான்தாம்மா சொன்னேன்" என்றேன். பிறகு அவள் நேரில் போய்த் தன் அம்மாவிடம் அழுது பார்த்தாளாம். "அவ்வளவு படிச்சவங்க பொய் சொல்லுவாங்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாராம்.

இது அத்தனையும் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை வேறு கைடிடம் மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் செய்யாதீர்கள். அப்பா போய்விட்டார், அம்மா சேர்ப்பதில்லை. என்னை விட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?